வால்வுச் சாவிக்கு ஒரு வாரிசு

காலையில் அக்கா போன் செய்தாள். மத்தியானம் அவன் செய்தான். அக்காவுக்குத் தண்ணீர் வேண்டும். அவனுக்கு ஒரு குழந்தைப் பருவம் வேண்டும். இரண்டையும் என்னிடம்தான் கேட்டார்கள், ஏதோ நான் இரண்டையும் டிரம்மில் பிடித்து வைத்திருப்பவள் போல.

நான் இருப்பது பொம்மனஹள்ளியில். ஓசூர் ரோட்டின் இரைச்சல் ஜன்னல் வழியாக வந்து சோற்றில் உட்காரும் மூன்றாவது மாடி வீடு. கவிதை எழுதுகிறேன், அதை யாரும் படிப்பதில்லை. சம்பளத்துக்கு, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் ஒரு போன் ஆப்புக்குத் தமிழ் வாசகங்கள் எழுதுகிறேன். 'உங்கள் உணவு வந்துகொண்டிருக்கிறது' என்பது என் வரி. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். பசியோடு படித்ததும் அதுதான். எத்தனை கவிஞர்களுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

அக்கா இன்னும் ஸ்ரீராம்புரத்தில், நாங்கள் பிறந்த அதே சந்தில், அதே வீட்டில் இருக்கிறாள். மாமா போன பிறகு இட்லிதான் அவளைக் காப்பாற்றுகிறது. ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கும் ஒரு சின்ன கேன்டீனுக்கும் தினமும் காலையில் இட்லி அனுப்புகிறாள். பெரிய அலுமினியப் பானை, துணி கட்டிய தட்டுகள், வாசல் வரை வரும் ஆவி. அந்த ஆவிக்குள் அவள் முகம் எப்போதும் அப்போதுதான் குளித்து வந்தது போல இருக்கும்.

"மூணு வாரமா சொட்டுத் தண்ணி இல்லடி," என்றாள் போனில். "பின்சந்துல வருது, எதிர்சந்துல வருது, நம்ம சந்து மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? கேன் தண்ணிய வச்சுக்கிட்டு எத்தன நாளு அரிசி கழுவுறது? ஹாஸ்டல் மேடம் சொல்லிட்டாங்க, திங்கக்கிழமையிலேருந்து ஒழுங்கா இட்லி வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு."

"டேங்கர் வரலையா?"

"டேங்கர் மெயின் ரோட்லயே வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நம்ம சந்துக்குள்ள சைக்கிளே ஒருக்களிச்சுதான் வரணும். அத விடு. நீ அந்தத் தண்ணி விடறவரு மகன்கூடப் படிச்சவதானே? அவன்தான் எலக்ஷன்ல நிக்கிறானாமே. ஒரு வார்த்த கேளேன்."

திங்கட்கிழமை இட்லி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அரிசியும் உளுந்தும் ஊறியாக வேண்டும். ஹாஸ்டல் போனால் அக்காவின் வருமானத்தில் முக்கால்வாசி போகும். பிறகு கேன்டீனும் போகும். இவ்வளவுதான் விஷயம். மூன்று குடம், நான்கு குடம் தண்ணீர்.

மத்தியானம் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "என்ன கவிஞரே, நம்மள மறந்தே போயிட்டியா?"

முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் என்னைக் கவிஞர் என்று அழைத்த ஒரே ஆள் அவன்தான். அதையும் கிண்டலாகத்தான் அழைத்தான். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் எனக்கு முன்பெஞ்ச். இப்போது வார்டு கவுன்சிலர் வேட்பாளர்.

"புக்கு ஒண்ணு போடறோம். பதினாறு பக்கம். நான் எப்படி வளந்தேன், எங்கப்பா எப்படி வளத்தாரு, அதனால சேவை மனப்பான்மை எப்படி வந்துச்சு, அந்த மாதிரி. கன்னடத்துல ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டாரு. நம்ம வார்டுல தமிழ் ஓட்டு எவ்ளோன்னு உனக்கே தெரியும். தமிழ்ல நீ எழுது. நீதான் பக்கத்துல இருந்து பாத்தவ."

பக்கத்தில் இருந்து பார்த்தவளையே கூப்பிட்டு எழுதச் சொல்லும் தைரியம், அவன் எதையும் மறைக்கவில்லை என்பதால் வந்ததல்ல. மறைக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

அவன் அப்பா எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் விடுகிறவர். தண்ணீர் வாரியத்துக் காக்கிச் சட்டை, கேரியர் வைத்த சைக்கிள், சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டிய வால்வுச் சாவி. சாவி என்றால் பூட்டுக்குப் போடும் சாவி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புத் தடி, மேலே இரண்டு கையாலும் பிடித்துத் திருக ஒரு குறுக்குக் கம்பி. சந்து முனையில் தரையில் ஒரு கல் மூடி இருக்கும். அதைத் தூக்கி, குழிக்குள் இருக்கும் வால்வின் தலையில் தடியை மாட்டித் திருகினால் அந்தச் சந்துக்குத் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில்.

ஆறு சந்துக்கும் அவர்தான் மழை. எங்கள் அம்மா முருகனை மாதம் ஒரு முறை நினைப்பாள், இவரை ஒருநாள் விட்டு ஒருநாள் நினைப்பாள். சைக்கிள் மணி கேட்டதும் அடுப்பில் காபி ஏறும். முதல் டம்ளர் அவருக்கு. பொங்கலுக்குச் சாவிக்கே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தவர்கள் எங்கள் சந்துப் பெண்கள். அவர் காபியை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். குடங்கள் வரிசையில் வாயைத் திறந்து காத்திருக்கும். பிறகு எழுந்து, காக்கி பேன்ட்டின் மேல் இல்லாத வேட்டியை ஒதுக்கி, ஒரு திருகு திருகுவார். நூல் போலத் தண்ணீர் வரும்.

"என்னண்ணா, இவ்ளோதானா?"

"பிரஷர் இல்லம்மா."

யாராவது இன்னொரு டம்ளர் காபியோ இரண்டு போண்டாவோ கொண்டுவருவார்கள். மறுபடி எழுந்து இன்னொரு திருகு. நூல் கயிறாகும். பெண்கள் கைகூப்பாத குறை. பத்து வயதில் எனக்குப் பிரஷர் என்பது எண்ணெயில் பொரிந்து வருகிற ஏதோ ஒன்று என்றுதான் தோன்றியது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆறு சந்துக்கும் சேர்த்து ஒரு குழாய்த் தண்ணீர்தான் வந்தது, அதைப் பங்கு போட வேண்டியிருந்தது, நிஜம்தான். ஆனால் பங்கு போடும்போது அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எப்போதும் வருகிற தண்ணீருக்கு யாரும் காபி தருவதில்லை.

இனி மகன். ஒரு சந்துக்குத் திறக்க வேண்டுமென்றால் முந்தின சந்தை மூட வேண்டும். திறக்கும் வேலையில் காபி உண்டு, கும்பிடு உண்டு, அண்ணா உண்டு. மூடும் வேலையில் திட்டு மட்டும்தான். அதனால் திறப்பதை அப்பா செய்தார். மூட மகனை அனுப்பினார். "போய் மூடிட்டு வாடா," என்று சாவியைக் கொடுத்துவிட்டு அவர் டம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். சாவி அவனைவிட உயரம். தூக்க முடியாமல் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே ஓடுவான். கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சந்தே பதறும்.

"டேய், டேய், கொஞ்சம் இருடா! இன்னும் ரெண்டு குடம்டா!"

"எங்கப்பா சொன்னாரு."

அவ்வளவுதான் சொல்வான். பெண்கள் கத்தக் கத்த இன்னும் வேகமாகத் திருகுவான். வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கம். குழாய் புஸ்ஸென்று காற்று விட்டு அடங்கும். பிறகு மறுபடி கிர்ர்ர்ர்.

எல்லோரிடமும் அப்படி இல்லை. அவனுக்கும் ஒரு காபி தேவைப்பட்டது, டம்ளரில் இல்லாமல் வேறு உருவத்தில். ஒருநாள் என் ஜாமெட்ரி பாக்ஸைக் காட்டி, அதிலிருக்கும் காம்பஸைக் கொடுத்தால் உங்கள் வீட்டுக் குடம் நிறையும் வரை மூடமாட்டேன் என்றான். கொடுத்தேன். மூடவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் வளையலை வைத்துத்தான் வட்டம் போட்டேன். அம்மாவிடம் காம்பஸ் தொலைந்துபோச்சு என்று சொன்னேன், அடி வாங்கினேன், ஆனால் குடம் நிறைந்திருந்தது. அவனுடைய முதல் பொதுச்சேவை அதுதான் என்று நினைக்கிறேன். பயனாளி நான்.

அவனுடைய ஆபீஸுக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஏசி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. சுவரில் அப்பாவின் படம், மாலையோடு. படத்துக்குப் பக்கத்தில், படத்தைவிடப் பெரிதாக, அந்தச் சாவி. அதற்குக் கட்சிக் கொடியின் கலரில் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்கும் மாலை.

"கன்னடத்துல இருக்கறத ஒரு தடவ பாத்துக்கோ," என்று கொடுத்தான். எனக்குக் கன்னடம் வீட்டுப் பாஷை மாதிரிதான், படித்தேன். செருப்பில்லாமல் பள்ளிக்குப் போனான் என்று இருந்தது. உண்மைதான். எங்கள் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் ஷூ போட்டுக்கொண்டு வந்தான்.

"தமிழ்ல இன்னும் கொஞ்சம் உருக்கமா வேணும்," என்றான். "தெருவிளக்குல படிச்சேன்னு போடு."

"நம்ம சந்துல தெருவிளக்கே கெடையாதே."

"இல்லன்னா என்ன, கவிஞரே? கன்னடத்துல போட்டாச்சே!"

"உங்க வீட்ல ட்யூப்லைட் இருந்துச்சு. நாங்கதான் உங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு படிச்சோம்."

அவன் பேனாவை என் பக்கம் நீட்டினான். "அப்ப இப்படிப் போடு. தன் வீட்டு வெளிச்சத்த தெருவுக்கே குடுத்த குடும்பம்."

அரசியல்வாதிகளுக்குக் கற்பனை கிடையாது என்று யாராவது என்னிடம் சொன்னால் இனி சண்டைக்குப் போவேன்.

"அப்பாகிட்ட நீ என்னதான் கத்துக்கிட்ட? நெஜமா சொல்லு," என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை. அதுதானே புத்தகம்.

"எல்லாருக்கும் சமமா விடணும்னு. எழுதிக்கோ."

"என் காம்பஸ்?"

"எந்தக் காம்பஸ்?" என்றான். பிறகு அவன் முகம் மலர்ந்தது, முப்பத்தைந்து வருஷம் ஒரு நொடியில் உதிர்ந்தது. "ஐயோ, அதுவா! இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா! அது எங்கயோ போச்சு. ஆனா பாரு, நான் சொன்ன வார்த்தய காப்பாத்துனேனா இல்லையா?"

காப்பாற்றினான்தான். நான் தலையாட்டினேன். அதையே பிடித்துக்கொண்டு அக்காவின் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லை, நீ பிறந்த சந்து அது, திங்கட்கிழமை அக்காவின் பிழைப்பு போய்விடும், ஒரு போன் பண்ணு.

"தெரியும் தெரியும். ஞாயித்துக்கெழம வர்றேன்ல? நம்ம பழைய சந்துலதான் மீட்டிங். அப்பா சாவியால நானே என் கையால தெறந்து விடறேன். கேமரா எல்லாம் சொல்லியாச்சு."

"அது ஞாயித்துக்கெழம. அதுக்கு முன்னாடி விட முடியாதா?"

"முன்னாடியே வந்துட்டா," என்று என்னைப் பார்த்தான், கணக்கு புரியாத பிள்ளையைப் பார்ப்பது போல, "அன்னைக்கு என்ன வரும்?"

அவன் அதைச் சொன்னபோது கண்ணில் ஒரு துளி வஞ்சம் இல்லை. அப்பா காபியை ஆற்றிய அதே நிதானம். அவனுடைய வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்த ஐந்து சொல்லில் அடங்கிவிட்டது. பதினாறு பக்கத்தில் அது மட்டும் வரவில்லை.

எழுதினேன். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹாஸ்டல் மேடத்தின் திங்கட்கிழமை என் முதுகில் உட்கார்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை அவன் கையில் வைத்திருந்தான், நடுவில் என்னிடம் இருந்தது சொற்கள்தான். ஓசூர் ரோட்டு லாரிகள் ஒவ்வொன்றும் என் வீட்டு டம்ளர்களை நடுங்க வைத்துக்கொண்டு போக, நான் ஒரு வேட்பாளருக்கு ஏழ்மையை அளவெடுத்துத் தைத்தேன். தோளில் கொஞ்சம் தளர்வாக, இடுப்பில் பிடிப்பாக. ஒரு வாக்கியத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது: 'தெருவே தாகத்தோடு விழித்திருந்த விடியல்களில், ஒரு சிறுவன் தன்னைவிட உயரமான இரும்பை இழுத்துக்கொண்டு சந்து சந்தாக ஓடினான்.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதற்கு ஓடினான் என்று மட்டும் எழுதவில்லை. என் கவிதைகளில் சொல்லாமல் விட்டது போதவில்லை என்று ஒருமுறை ஒருவர் குறை சொன்னார். அவர் இதைப் படிக்க வேண்டும்.

அவனுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. போனில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். "கண்ணுல தண்ணி வந்துருச்சு கவிஞரே," என்றான். அங்கேயாவது வந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே நான் ஸ்ரீராம்புரம் போய்விட்டேன். சந்தில் தோரணம், வாசலுக்கு வாசல் கோலம், அதில் வேட்பாளரின் சின்னம். அக்கா அரிசியையும் உளுந்தையும் அளந்து இரண்டு பாத்திரங்களில் வைத்திருந்தாள், காய்ந்தபடி. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒன்பது மணிக்குள்ள வந்துட்டா போதும்," என்றாள். "பன்னெண்டு தாண்டுச்சுன்னா ஊறி, ஆட்டி, பொங்கறதுக்கு நேரம் பத்தாது. அவ்வளவுதான், ஹாஸ்டல மறந்துடணும்."

இப்போது தண்ணீர் விடுகிறவர் வேறு ஒருவர். ஓய்வுபெறப் போகிற வயது, அதிகம் பேசாதவர். ஏழு மணிக்கே வந்து கல்மூடியைத் தூக்கித் தன் சாவியால் கொஞ்சமாகத் திறந்தார். மூன்று வாரம் காய்ந்த குழாய், நிறையவே அரை மணி நேரம் ஆகும். தலைவர் வந்து திருகிய உடனே கேமராவுக்குத் தண்ணீர் தெரிய வேண்டுமே.

"இவ்வளவு நாளா தண்ணி இருந்துச்சாண்ணா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்ணி எங்கம்மா போகும். எனக்கு மூடுன்னு சொன்னாங்க, மூடுனேன். தெறன்னு சொன்னாங்க, தெறக்கறேன்."

கட்சி ஆட்கள் ஒவ்வொரு வாசல் குழாய்க்கும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கொடியின் கலரில், பூ மாதிரி முடிச்சு. அக்கா தன் குழாயின் ரிப்பனை ஒதுக்கி ஒரு குடத்தை வைக்கப் போனாள். கையில் லிஸ்ட் வைத்திருந்த ஒருவர் ஓடி வந்தார்.

"யக்கா, யக்கா! அண்ணன் வர்ற வரைக்கும் யாரும் புடிக்கக் கூடாது. கொடம் காலியா இருக்கணும், கேமரா இருக்குல்ல."

"காலியாத்தாம்பா இருக்கு. மூணு வாரமா காலியாத்தான் இருக்கு. வேணும்னா அதப் படம் புடிச்சுக்கோ."

"அண்ணன் எட்டு மணிக்கு வந்துருவாரு, சும்மா இருக்கா நீ."

எட்டு ஆனது. ஒன்பது ஆனது. ரிப்பன் கட்டிய குழாய்களுக்குப் பின்னால் தண்ணீர் வந்து நிற்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல. இருபது பெண்கள், இருபது குடங்கள். வாயில் பேச்சு, கண்ணில் குழாய். பத்து மணிக்கு மேளம் கேட்டது, வேறு சந்தில். அக்கா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, சால்வை, பின்னால் ஒருவர் தோளில் அந்தப் பெயின்ட் அடித்த சாவி, சாமி புறப்பாட்டில் வேல் வருவது போல. குழிக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை போட்டிருந்தார்கள். ஏறி நின்று பேசினான். பாதி தமிழ், பாதி கன்னடம், நடுநடுவே என் வாக்கியங்கள். மைக்கில் கேட்கும்போது அவை என்னுடையவை போலவே இல்லை. தன்னைவிட உயரமான இரும்பு என்று வந்தபோது எதிர்வீட்டுக்காரி நிஜமாகவே கண்ணைத் துடைத்தாள். அவள் அன்று அவனைத் திட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள்தான் அதிகம் திட்டுவாள்.

"இப்ப அண்ணன் தன் பொன்னான கையால..." என்று மைக்கில் ஒருவர் ஆரம்பித்ததும் ரிப்பன்கள் அவிழ்ந்தன, குழாய்கள் திறந்தன, குடங்கள் நகர்ந்தன. காலையிலேயே கொஞ்சம் திறந்திருந்ததால் எல்லா வாசலிலும் விரல் கனத்தில் தண்ணீர் விழுந்தது. அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சாவியை வால்வில் மாட்டினான். திருகினான்.

வலப்பக்கம்.

விரல் கயிறானது. மேளம். வலப்பக்கம். கயிறு நூலானது. கைதட்டல், ஏனென்றால் கைதட்டியவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழாயைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அவன் அப்பா ஒருநாளும் அவனைத் திறக்க விட்டதில்லை. அந்தக் கைகளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு திசை.

அக்காதான் முதலில் கத்தினாள். "டேய்! மூடறடா! டேய், மூடறடா!"

இருபது பெண்களும் கத்தினார்கள். அந்தப் பழைய சத்தம். அது காதில் விழுந்ததும் அவன் உடம்பு என்ன செய்யப் பழகியிருந்ததோ அதையே செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் திருகினான். சந்து முழுவதும் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புஸ்ஸென்று காற்று விட்டு அடங்கின.

மேளம் நின்றது.

தண்ணீர் விடுகிறவர் அவன் காதருகே குனிந்து, "சார், அந்தப் பக்கம் இல்ல சார்," என்றார். அவன் நிமிர்ந்தான். வேர்வை. கேமரா. இருபது காலிக்குடம். அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து தானாக வந்தது, என் பதினாறு பக்கத்தில் இருந்து அல்ல:

"பிரஷர் இல்லம்மா."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. எதிர்வீட்டுக்காரியாக இருக்கலாம், கண்ணைத் துடைத்த அதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு சந்தே சிரித்தது. லிஸ்ட்காரர் "அண்ணனுக்கு அடுத்த மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்று வழி பண்ணினார். சால்வை, வெள்ளைச் சட்டை, மேளம் எல்லாம் வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போயின. சாவி மட்டும் வால்விலேயே நின்றது.

மணி பதினொன்றே கால். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். குழிக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து நின்று, குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கம் திருகினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீர் விடுகிறவர் "போதும்மா, போதும்மா" என்றார். அக்கா ஏழாவது திருகில்தான் நிறுத்தினாள். எங்கள் சந்து அப்படியொரு தண்ணீரைப் பார்த்ததே இல்லை. குழாயில் அவிழ்ந்து தொங்கிய ரிப்பன் பறந்தது, குடங்கள் அதிர்ந்தன, ஒரு வாசலில் குழாய்த் தலையே கழன்று விழுந்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள், இந்த முறை வேறு சத்தத்தில். பதினொன்றரைக்கு அரிசி ஊறியது. திங்கட்கிழமை காலை ஹாஸ்டலுக்கு இட்லி போனது. மல்லிகை மாதிரி இருந்ததாம், மேடமே போன் செய்து சொன்னார்.

மீட்டிங்குக்கு வந்த கேமராக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் நின்று படம் பிடித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் அது எல்லோருடைய போனிலும் வந்தது. அவன் சாவியைத் திருகுகிறான். வெட்டு. தண்ணீர் பீறிடுகிறது. வெட்டு. பெண்கள் குதிக்கிறார்கள். பின்னணியில் ஒரு கனத்த குரல், தன்னைவிட உயரமான இரும்பை இழுத்துக்கொண்டு ஓடிய சிறுவனைப் பற்றி. துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாமே உண்மை. நல்ல வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தான். எங்கள் சந்திலும் அவனுக்குத்தான் விழுந்திருக்கும். சிரித்தவர்களும் போட்டிருப்பார்கள். தெரிந்த கை.

சாவி அக்கா வீட்டில், இட்லிப் பானைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஆவி பட்டுப் பெயின்ட் உரிந்துவிட்டது. கேட்டு ஆள் அனுப்பினான். "அவனையே வரச் சொல்லு, காபி போட்டு வைக்கிறேன்," என்றாள். அவன் வரவில்லை. தண்ணீர் விடுகிறவர் கண்டுகொள்வதில்லை, காலையில் அவருக்கு நான்கு இட்லி. அவர் வருவதற்கு முன்பே அக்கா எங்கள் சந்துக்குத் திறந்துகொள்கிறாள். பின்சந்துக்குத் திறப்பதும் மூடுவதும்கூட இப்போது அவள்தான்.

போன வாரம் போயிருந்தேன். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் டம்ளர். பின்சந்துப் பெண் ஒருத்தி ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்துவிட்டு, "யக்கா, எங்களுக்கு இன்னும் அஞ்சே நிமிஷம்," என்றாள். அக்கா தட்டைப் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள். "பாக்கலாம், பாக்கலாம். பிரஷர் இருக்கணுமேம்மா," என்றாள்.

நான் சிரிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அக்கா ஒரு சுளையை என் கையில் வைத்துவிட்டாள். இனிப்பு.

"எனக்கு முட்டி வலிக்குதுடி. நீ போய் பின்சந்த மூடிட்டு வந்துரு, நம்ம சந்துக்கு வேகம் கம்மியாகுது பாரு. நாளைக்கு ஹாஸ்டல்ல விசேஷம், நூறு இட்லி கூட கேட்டிருக்காங்க."

நூறு இட்லி. எழுந்தேன். சாவி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூக்க முடியவில்லை, ரோட்டில் இழுத்துக்கொண்டே போனேன். கிர்ர்ர்ர். சந்தின் அந்த முனையிலிருந்து குரல்கள் வந்தன, கொஞ்சம் இரும்மா, இன்னும் ரெண்டு குடம்மா என்று. கல்மூடியைத் தூக்கினேன், சாவியை மாட்டினேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க அக்கா சொல்லுச்சு," என்றேன்.